பட்ட பாட்டைப் பிறருக்குப் பயன்படும் கதையாக எழுதுவது எப்படி: கோத்தகிரியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

2017ஆம் ஆண்டு என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்தபோது நாங்கள் கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். அறுவை சிகிச்சை முடிந்தபின், கோயம்புத்தூரில் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுக்க வேண்டும் என்றார்கள். தொடங்குவதற்கு முந்தைய நாள் அம்மாவின் மார்பிலும் விலாவிலும் மையால் கோடுகள் போட்டு அனுப்பினார்கள். வாடகை அறைக்கு வந்ததும் அம்மா வெந்நீர் வைத்து, ஆஸ்பத்திரி அழுக்குப் போகட்டும் என்று சோப்புப் போட்டு நாரால் நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டார். முதுகு தேய்த்துவிட்டது நான்தான். மறுநாள் வரிசையில் காத்திருந்து உள்ளே போன பிறகே, கதிர் எந்த இடத்தில் பாய வேண்டும் என்பதற்கான அடையாளம் அந்தக் கோடு என்பது எங்களுக்குத் தெரிந்தது. மறுபடி அளவெடுத்துக் கோடு போட இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளுக்கும் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கூடின. அப்பாவுக்கு இரண்டு நாள் பேரும், அதாவது தோட்டத்து நாள்கூலியும், போனது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு இந்த அனுபவத்தைப் பதினொரு பக்கம் எழுதினேன். அதில் கண்ணீர் இருந்தது, மேட்டுப்பாளையம் மலைப்பாதையின் பனிமூட்டம் இருந்தது, வேண்டுதல் இருந்தது; அந்தக் கோடு மட்டும் இல்லை. மேல் லைனில் குடியிருந்த ஒரு அக்காவுக்கு அதே சிகிச்சை தொடங்க இருந்ததால் அவரிடம் படித்துக் காட்டினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர், "எல்லாஞ் சரி புள்ள, உடம்புல கோடு போட்டு அனுப்புவாங்கன்னு சொல்றாங்களே, அப்ப உங்கம்மா எப்படிக் குளிச்சாங்க?" என்றார்.

பதினொரு பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. ஒரு கஷ்டத்துக்குள் நுழையப் போகிறவர், அதைக் கடந்து வந்தவரிடம் தேடுவது, கடந்தவருக்கு அன்று தெரியாமல் போனதைத்தான் என்பது எனக்கு அன்று விளங்கியது. பின்னர் எங்கள் வட்டாரத்து மகளிர் குழுக்களில் சிலருக்கு எழுத உதவியபோதும் இதையே அடிப்படையாக வைத்துக்கொண்டேன். அப்படிச் செய்து பார்த்த முறையைப் படிப்படியாகக் கீழே தருகிறேன்.

படி 1: முதலில் உங்களுக்காக மட்டும் எழுதுங்கள்

பிறருக்காக எழுதத் தொடங்கும் முன், யாரும் படிக்கப்போவதில்லை என்ற உறுதியோடு நான்கு நாள் எழுதிப் பாருங்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்கள் வாழ்வில் பட்ட பெருந்துன்பத்தைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் அதனால் மனத்தில் எழுந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதிய உடனே கூடுதலாக வருந்தினாலும், அடுத்து வந்த மாதங்களில் உடல்நலக் குறைவுக்காக மருத்துவ மையத்துக்குச் சென்ற தடவைகள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன.

இதில் இரண்டு செய்திகள் நமக்குப் பயன்படும். எழுதிய அன்று மனம் கனப்பது இயல்பு என்பது ஒன்று. நடந்ததையும் உணர்ந்ததையும் பிரிக்காமல் எழுத வேண்டும் என்பது மற்றொன்று. நான்காம் நாளும் கை நடுங்குகிறது, இரவில் தூக்கம் வரவில்லை, எழுதும்போது மூச்சு முட்டுகிறது என்றால் அந்தக் கதையைப் பிறருக்குச் சொல்லும் காலம் இன்னும் வரவில்லை என்று கொள்ளுங்கள். நோட்டை மூடி வைப்பதில் தோல்வி ஒன்றும் இல்லை. மனச்சுமை தாங்க முடியாமல் போனால், அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண்ணான 14416இல் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் இருக்கிறது.

படி 2: 'அன்று தெரியாதது' பட்டியல்

இந்த வழிகாட்டியின் உயிர்நாடி இந்தப் படிதான் என்பதால் இதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். ஒரு தாளில், அந்தக் கஷ்டம் தொடங்கிய நாளன்று உங்களுக்குத் தெரியாமல் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எழுதுங்கள். பெரிய தத்துவம் வேண்டாம். சின்னச் சின்ன விஷயங்களாக இருக்கட்டும்.

என் பட்டியலில் முதலில் வந்தது கோடு. கதிர்வீச்சு நடக்கும் நாள்களில் அந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரை மேலாக விட்டு மெல்லத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தளர்வான பருத்தி உடை போட வேண்டும், கோடு மங்கினால் நாமாக வரைந்துகொள்ளாமல் சிகிச்சை தருபவரிடம் காட்ட வேண்டும் என்பதையெல்லாம் பின்னால் அங்கிருந்த பணியாளர் ஒருவர் பொறுமையாகச் சொன்னார். முதல் நாளே யாரோ அவசரத்தில் சொல்லியிருக்கவும் கூடும். பயத்தில் இருப்பவர் காதில் எதுவும் ஏறாது. ஆகவே 'சொல்லவே இல்லை' என்று குற்றம் சாட்டி எழுதுவதைவிட, 'இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்' என்று எழுதுவது வாசகருக்கு உதவும்.

இரண்டாவது, காப்பீட்டு அட்டை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எங்களுக்கு உரிமை இருந்தது. ஆனால் அட்டை எடுத்து வைக்கவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையோடும் ஆதாரோடும் உதகையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் மையத்துக்குப் போய்ப் பதிய வேண்டும் என்பதைக் கோயம்புத்தூரில் படுக்கை கிடைத்த பிறகு அறிந்து, அப்பா மட்டும் திரும்ப மலையேறினார். சமவெளியில் இருப்பவருக்கு இது அரைநாள் அலைச்சல். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கவே 33 கிலோமீட்டர் மலைப்பாதை; உதகை அதற்கு நேரெதிர்த் திசையில் மேலே இருக்கிறது. மலையில் வாழ்கிறவரின் கதையில் தூரமும் ஒரு பாத்திரம் என்று நான் சொல்வது இதனால்தான். 'இறங்குவதற்கு முன் எடுத்துக்கொள்ள வேண்டிய தாள்கள்' என்று நான்கு வரி யாராவது எழுதி வைத்திருந்தால் அப்பாவுக்கு மூன்று நாள் மிஞ்சியிருக்கும்.

மூன்றாவதற்கு எங்களுக்கு விடை கிடைக்க வெகுநாள் ஆயிற்று. அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றியிருந்தால், அந்தப் பக்கத்துக் கையில் வீக்கம் வர வாய்ப்பு உண்டு. அம்மாவோ கொழுந்து பறிப்பவர். எந்தக் கையால் பறிப்பது, எவ்வளவு சுமப்பது, கை கனத்தால் யாரிடம் காட்டுவது என்ற கேள்விகளுக்குப் பொதுவான நோயாளிக் கையேடுகளில் பதில் இருக்காது. தோட்டத்தில் வேலை செய்துகொண்டே அந்தச் சிகிச்சையைக் கடந்த இன்னொரு பெண்தான் சொல்ல முடியும். உங்கள் பட்டியலில் இப்படி, உங்கள் வேலையும் உங்கள் ஊரும் சேர்ந்தால் மட்டுமே எழும் கேள்வி ஒன்று இருந்தால், அதைத்தான் முதலில் எழுதுங்கள்.

பட்டியலில் இருபது விஷயம் சேர்ந்தாலும் ஒரு கதைக்கு ஒன்று போதும், மிஞ்சிப்போனால் இரண்டு. மற்றவை வேறு கதைகளாகட்டும்.

படி 3: யாருக்கு எழுதுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

'எல்லாருக்கும்' என்று எழுதினால் யாருக்கும் எட்டாது. எனக்கு மேல் லைன் அக்கா இருந்தார். நீங்களும் ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு, அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை விட்டுவிட்டு எழுதுங்கள். கொடைக்கானலில் இருப்பவர் மருத்துவத்துக்கு வத்தலக்குண்டு இறங்கி மதுரைக்குப் போவார். கோத்தகிரிக்காரர் எழுதிய பேருந்து விவரம் அவருக்கு உதவாது. ஆனால் கோட்டைத் தேய்க்கக்கூடாது என்பது இரு மலைக்கும் பொது. எது உள்ளூர்ச் செய்தி, எது பொதுச் செய்தி என்று கதைக்குள்ளேயே தெளிவாகத் தெரிய வேண்டும்.

படி 4: இது உங்கள் கதை மட்டும்தானா?

துன்பம் தனியாக வருவதில்லை. அதில் கணவர், மாமியார், கடன் கொடுத்தவர், மருத்துவர், பக்கத்து வீட்டார் என்று பலர் இருப்பார்கள். ஒவ்வொருவரிடமும், அவரைப் பற்றி எழுதியதைப் படித்துக் காட்டிச் சம்மதம் கேட்பது முறை. நான் அம்மாவிடம் கேட்கத் தயங்கியதே, அறுவை சிகிச்சையைப் பற்றி ஊரறிய எழுதச் சம்மதிக்க மாட்டார் என்ற எண்ணத்தில்தான். அவரோ அதையெல்லாம் தலையசைத்துக் கேட்டுவிட்டு, சித்தியிடம் தோடு வாங்கி அடகு வைத்த பத்தியில் நிறுத்தச் சொன்னார். "நோவு வந்ததச் சொல்லு. கடன் வாங்குனதச் சொல்லாத. அது சித்தி மானம்" என்றார். அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். அது நல்ல பத்தி என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஆனாலும் எடுத்தது சரிதான். எது மானம், எது செய்தி என்பதை எழுதுகிறவர் முடிவு செய்ய முடியாது.

பெயரை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நகரத்தில் அது ஓரளவு உதவும். நாற்பது வீடுகள் உள்ள ஒரு ஹட்டியிலோ (படுகர் ஊர்), பத்து வாசல் உள்ள ஒரு லைனிலோ, 'தையல் மெஷின் வைத்திருக்கும், இரண்டு பெண் பிள்ளைகள் உள்ள ஒரு விதவை' என்று எழுதிவிட்டுப் பெயரை மாற்றுவதில் பொருளே இல்லை. தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, நடந்த ஆண்டு, ஊர் ஆகியவற்றில் கதைக்குத் தேவையில்லாததை விட்டுவிடுங்கள்; தேவையானதை மாற்றினால், மாற்றியிருக்கிறேன் என்று கதையிலேயே சொல்லிவிடுங்கள்.

சட்டமும் இதில் உண்டு. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 72ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. பாதிக்கப்பட்டவர் தாமே எழுத்துமூலம் அனுமதி தருவது போன்ற சில விலக்குகள் உள்ளன. பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. பெயர் மட்டுமின்றி முகவரி, படம், பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக்கூடாது. இதில் பெற்றோர் 'சரி' என்று சொன்னாலும் போதாது; சிறப்பு நீதிமன்றம்தான் அனுமதிக்க முடியும். ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை அவர் சம்மதமின்றி வெளிப்படுத்துவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

யாராவது உங்களுக்குத் தீங்கு செய்திருந்தால் பெயர் சொல்லி எழுதத் தோன்றும். உண்மைதானே, உண்மையைச் சொன்னால் வழக்கு வருமா என்று கேட்பார்கள். நம் நாட்டுக் குற்றவியல் அவதூறுச் சட்டத்தில் உண்மை என்பது மட்டும் போதாது. பொது நன்மைக்காகச் சொல்லப்பட்டது என்பதையும் காட்ட வேண்டும். என்னைக் கேட்டால், அந்தப் பெயர் இல்லாமலேயே உங்கள் வாசகர் தப்பிக்கத் தேவையான தகவலைத் தந்துவிட முடியுமானால் பெயரை விட்டுவிடலாம். புகார் வேறு, கதை வேறு. புகாருக்குக் காவல் நிலையமும் மனுவும் இருக்கின்றன.

படி 5: நினைவைத் தாள்களோடு ஒப்பிடுங்கள்

நினைவு நாள்களைக் குழப்பும், தொகையைக் கூட்டும், வரிசையை மாற்றும். டிஸ்சார்ஜ் தாள், மருந்துச் சீட்டு, பேருந்து டிக்கெட், வங்கிப் புத்தகம், செல்போனில் எடுத்த படங்களின் தேதி ஆகியவற்றை விரித்துவைத்துக் கதையைச் சரிபாருங்கள். கதிர்வீச்சு இருபத்தெட்டு நாள் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, சீட்டில் இருபத்தைந்து என்று இருந்தது. வாடகை அறையில் தங்கிய நாள்களோடு குழப்பியிருக்கிறேன்.

மழையிலும் நிலச்சரிவிலும் வீட்டை இழந்தவர்களின் கதைகளில் இது இன்னும் முக்கியம். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. 'வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது' என்ற வரியோடு இந்த எண்ணும் இருந்தால், வாசகர் தம் ஊர் மழையை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். அதைவிடப் பயன் தருவது, உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்சுவரில் முதல் விரிசல் எப்போது தெரிந்தது, கலங்கல் நீர் எங்கிருந்து வந்தது, கதவு சட்டத்தில் இறுகியது எத்தனை மணிக்கு என்பதுதான். சரிவுக்கு முன் தெரியும் அறிகுறிகள் இவை. இவற்றை அறிந்தவர் விழித்துக்கொண்டு வெளியேற முடியும்.

முதியவர்களின் கதையைக் கேட்டு எழுதுவதாக இருந்தால் பொருள்களைக் கையில் எடுத்துக்கொண்டு கேளுங்கள். எங்கள் வட்டாரத்தில் பலர், 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் வழிவந்தவர்கள். அந்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக எழுதப்பட்டது. என் பாட்டியிடம் கேட்டால், "கப்பல்ல வந்தோம், மண்டபத்துல எறக்குனாங்க, இங்க கொண்டாந்து விட்டாங்க" என்று மூன்றே வாக்கியத்தில் முடித்துவிடுவார். தகரப் பெட்டிக்குள் இருந்த குடும்ப அட்டையை எடுத்து மடியில் வைத்ததும், மண்டபம் முகாமில் அதை யார் பேரில் எழுதினார்கள், ஒரு பேர் எப்படி விட்டுப்போனது, விட்டுப்போனதால் பின்னால் கடன் உதவி கேட்கும்போது என்ன ஆனது என்று ஒரு மாலை முழுக்கப் பேசினார். பெயர் விட்டுப்போனதை அன்றே திருத்தாவிட்டால் என்ன நடக்கும் என்பது இன்றைக்கு ஆதார் எடுப்பவருக்கும் வேண்டிய செய்திதான்.

படி 6: எழுதும்போது

நடந்ததைத் தொடக்கத்திலிருந்து எழுத வேண்டியதில்லை. தெரியாமையால் நீங்கள் தவறு செய்த அந்தக் கணத்தில் தொடங்குங்கள். நோய் வந்த கதையை இரண்டாம் பத்தியில் சொல்லிக்கொள்ளலாம். உங்கள் தவறை மறைக்காதீர்கள். கோட்டை அழித்தது நாங்கள்தான் என்று எழுதியபோதுதான் கேட்டவர்கள் தங்கள் தவறுகளைச் சொல்லத் தொடங்கினார்கள். அதுவரை ஆறுதல் மட்டுமே சொன்னார்கள்.

உணர்ச்சியைப் பெயர் சொல்லி அடுக்குவதைக் குறையுங்கள். 'தாங்க முடியாத வேதனையில் துடித்தோம்' என்ற வரியை நான் அடித்துவிட்டு, அம்மா மறுநாள் குளிக்க மறுத்து, ஈரத் துணியால் கால்களை மட்டும் துடைத்துக்கொண்டு, தோளைச் சுவரில் படாமல் பிடித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்ததை எழுதினேன். பேச்சை அவரவர் பேசியபடியே வையுங்கள். சுற்றியுள்ள விவரிப்பு எழுத்துத் தமிழில் இருந்தாலும், 'காம்பரா' என்று சொன்னவர் வாயில் 'அறை' என்று திணிக்க வேண்டாம்.

'நானே மீண்டேன், நீங்களும் மீள்வீர்கள்' என்ற வகையில் எழுதாதீர்கள். மீளாதவர்களும் அதைப் படிப்பார்கள். உங்களுக்குப் பலித்த மருந்தை, உணவை, நாட்டு வைத்தியத்தைப் பிறருக்குப் பரிந்துரைக்கவும் வேண்டாம். எங்கே கேட்க வேண்டும் என்பதைச் சொன்னால் போதும்.

தற்கொலை எண்ணத்தைக் கடந்து வந்த கதையாக இருந்தால் ஒரு தனி எச்சரிக்கை. முயன்ற முறையையும் இடத்தையும் எழுதக்கூடாது. அது அதே நிலையில் இருப்பவருக்கு வழிகாட்டிவிடும். அந்த இரவை எப்படிக் கடந்தீர்கள், யாரிடம் முதல் வார்த்தையைச் சொன்னீர்கள் என்பதை விரிவாக எழுதுங்கள். 2010இல் வெளியான ஓர் ஆஸ்திரிய ஆய்வு, தற்கொலை எண்ணம் வந்தும் அதைச் சமாளித்துக் கடந்தவர்களைப் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து தற்கொலை விகிதம் குறைந்து காணப்பட்டதைப் பதிவு செய்தது. உதவி எண்ணைக் கதையின் கீழே மட்டும் போடாமல், பாதியிலும் ஒருமுறை போடுங்கள். எல்லாரும் இறுதிவரை படிப்பதில்லை.

படி 7: அதே நிலையில் இருப்பவருக்குப் படித்துக் காட்டுங்கள்

எழுதத் தெரிந்த நண்பர்களிடம் காட்டினால் நடையைப் பாராட்டுவார்கள். அந்தக் கஷ்டத்தின் வாசலில் நிற்பவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, அவர் கேட்கும் முதல் கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். "நல்லா இருக்கு" என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அவர் பேருந்து நேரத்தையும் செலவையும் கேட்டால் கதை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. உங்களைத் தேற்ற ஆரம்பித்தால் மறுபடி எழுத வேண்டும்.

படி 8: தேவைப்படுகிறவர் கையில் சேர்ப்பது

என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவரைப் போன்றவர்களுக்காக எழுதியதை அவரால் படிக்க முடியாது என்றால் அந்த எழுத்தால் என்ன பயன்? ஆகவே ஒவ்வொரு கதையையும் மூன்று நிமிடத்துக்குள் அடங்கும்படி சுருக்கி, குரலில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கத்தை வைத்துக்கொண்டோம். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்த பிறகு ஒருவர் படிக்கலாம். கோத்தகிரியில் சமுதாய வானொலி இருக்கிறது. உதகையிலும் கொடைக்கானலிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் இருக்கின்றன. நிகழ்ச்சிக்குப் பேச அழைத்தால், எதைச் சொல்ல மாட்டீர்கள் என்பதை முன்னதாகவே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பேட்டியின் சூட்டில் கடனும் தோடும் வாயில் வந்துவிடும்.

கதை பரவியதும் தொலைபேசிகள் வரும். எல்லாருக்கும் பதில் சொல்ல ஆசைதான். ஆனால் ஒரு மாதம் இரவு பதினொரு மணிவரை மற்றவர்களின் ஸ்கேன் முடிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி எனக்கே தூக்கம் போனது. இப்போது ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை மட்டுமே பேசுகிறேன். மருத்துவக் கேள்வி என்றால் மருத்துவரிடமே கேட்கச் சொல்லிவிடுகிறேன்.

கதையில் உள்ள விவரங்கள் பழசாகிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நாங்கள் அலைந்தபோது காப்பீட்டுத் திட்டத்துக்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாய். பின்னர் அது 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. என் கதையில் பழைய தொகையே நெடுநாள் இருந்தது. அதைக் கேட்டுவிட்டு, தங்களுக்குத் தகுதி இல்லை என்று நினைத்து விண்ணப்பிக்காமலேயே இருந்துவிட்ட ஒரு குடும்பத்தைப் பந்தலூர்ப் பக்கம் சந்தித்தேன். அதற்குப் பிறகு, ஒவ்வொரு கதையிலும் முதல் வரிக்கு மேலே, எழுதிய மாதத்தையும் ஆண்டையும் போடுகிறேன். குரல் பதிவாக இருந்தால் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.